பதினொன்றாம் வளைவு

செல்லதுரை அண்ணன் என்னை எங்கே பார்த்தாலும் முதலில் இரண்டு கைகளையும் விரித்துப் பத்து விரல் காட்டுவார். அடுத்து ஒரு கையில் மூன்று விரல் காட்டுவார். பிறகு அந்த மூன்றில் ஒன்றை, சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, மெதுவாக மடக்குவார். "ஒண்ணு எங்கடா பாலு?" என்பார். குன்னூர் மார்க்கெட்டில் கேட்டிருக்கிறார், கல்யாண மண்டபங்களில் கேட்டிருக்கிறார், என் மாமனாரின் பதினாறாம் நாள் காரியத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டும் கேட்டிருக்கிறார். முப்பத்தொன்பது வருஷமாக இது நடக்கிறது. நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் ஒன்றும் காணாமல் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1986இல் நாங்கள் மூன்று பேர் ஒரு ராக் இசைக்குழு வைத்திருந்தோம். செல்லதுரை அண்ணன் கிடாரும் பாட்டும். அப்போது அவர் தபால் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்தார். ஜெஸிந்தா டீச்சர் ஆர்கன். அவர் பன்னிரண்டு வயதிலிருந்தே சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர், பரீட்சையெல்லாம் எழுதிப் பாஸ் பண்ணியவர். நான் டிரம். எட்டு வயதில் அப்பா அம்மாவோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், வளர்ந்து, அந்தத் தோட்டத்து ஃபேக்டரியிலேயே இலை உருட்டும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவன். அங்கே நாலு ரோலர்கள் நாலு வேகத்தில் சுற்றும். எது எதோடு எப்போது சேரும் என்று எண்ணிக்கொண்டே நிற்பேன். எனக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தது அந்த நாலு ரோலர்கள்தான்.

மூன்று நிமிடத்தில் முடிந்துபோகும் பாட்டு எங்களுக்குப் பிடிக்காது. கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓட வேண்டும். நடுவில் தாளம் ஏழாகி ஒன்பதாகிப் பதிமூன்றாக வேண்டும். கேட்கிறவர்கள் எந்த இடத்தில் கைதட்டுவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். இதற்குப் புரோக்ரஸிவ் ராக் என்று பெயர் என்பதைச் செல்லதுரை அண்ணன்தான் எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பஸ்ஸில் ஏறும் அந்தப் பயணத்தையே பத்தொன்பது நிமிடப் பாட்டாகச் செய்தோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தாளம். பதினொன்றாம் வளைவுக்கு ஒரு சுற்றுக்குப் பதிமூன்று அடி. அதை எட்டுச் சுற்று வாசித்துவிட்டுப் பன்னிரண்டாம் வளைவுக்குப் போக வேண்டும். குழுவின் பெயரும் 'பதினாலாம் வளைவு'தான்.

பதினாலாம் வளைவை நாங்கள் மேடையில் தொட்டதே இல்லை.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு சர்ச் ஹாலில் வாசித்தோம். பண்டிகையன்று சபையார் கேரட், முட்டைக்கோஸ், கோழி, கேக் என்று கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலம் முடிந்து டீ கொடுக்கும் நேரத்தை எங்களுக்குத் தந்திருந்தார் ஞானசிகாமணி ஐயர். சர்ச் போதகரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வோம். முன் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பத்து வளைவு வரைக்கும் நன்றாக ஏறினோம். பதினொன்றில் வண்டி கவிழ்ந்தது. அண்ணன் பதிமூன்றிலேயே போய்க்கொண்டிருக்க, நான் பன்னிரண்டாம் வளைவின் ஐந்தடித் தாளத்துக்குத் தாவிவிட்டேன். ஆர்கன் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஆர்கனைக் கேட்பதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். காலால் மிதித்துக் காற்று ஏற்றும் பழைய பெட்டி அது, கிடார் சத்தத்தில் அமுங்கிப்போகும். அதனால் அடுத்த வளைவுக்குப் போக டீச்சர் தலையை ஆட்டிச் சாடை காட்டுவார். அதைப் பார்த்து நான் மாறுவேன். அன்றைக்கும் அவர் தலையை ஆட்டினார், நான் மாறினேன். மூன்று பேரும் மூன்று பக்கமாக இழுத்து, கடைசியில் நின்றேவிட்டோம். நிமிர்ந்து பார்த்தால் ஐயர் எழுந்து நின்று எங்களை நோக்கிக் கையை வீசிக்கொண்டிருந்தார். போதும், வெளியே போங்கள் என்கிறார் என்று புரிந்துகொண்டு சாமான்களைத் தூக்கிக்கொண்டு பின் கதவு வழியாக இறங்கினோம். அடுத்த மாதமே ஐயருக்கு ஈரோட்டுப் பக்கம் மாறுதல் வந்துவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட முடியவில்லை.

ஹாலுக்குப் பின்னால் நின்று செல்லதுரை அண்ணன் சொன்னது: "பதிமூணுல ஒண்ணை முழுங்கிட்டான் இவன்."

நான் சொன்னது: "டீச்சர் தலையாட்டுனாங்க, அண்ணே. நான் மாறுனேன்."

ஜெஸிந்தா டீச்சர் சொன்னது: "நான் ஆட்டவே இல்லியே பாலு."

டீச்சர் பொய் சொல்ல மாட்டார். ஊருக்கே தெரியும். எனவே தப்பு என்னுடையது என்று ஆயிற்று. அதன் பிறகு நான் டிரம் தொடவில்லை. ஒவ்வொரு டிசம்பரும் கேரல் பாடப் போகிறவர்கள் கூப்பிடுவார்கள். "எண்ணத் தெரியாத ஆளுக்கு எதுக்குங்க டிரம்," என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவேன். என் மனைவி விஜயா குழம்பில் உப்பு போட மறந்தால், "அந்தப் பதிமூணாவதுதான் இது," என்பாள்.

இந்த வருஷம் செப்டம்பர் பதினேழாம் தேதி, புதன்கிழமை, ஜெஸிந்தா டீச்சர் போன் செய்தார்.

"பாலு, உக்காந்துக்க. நம்ம படம் கிடைச்சிருக்கு."

"என்ன படங்க டீச்சர்?"

"நாம வாசிச்ச படம். எண்பத்தாறு பண்டிகை. ஞானசிகாமணி ஐயரோட பேத்தி ஆன்சி இருக்குதுல்ல, அவங்க அப்பா அன்னிக்கு சின்ன கேமராவுல சுருள் படம் எடுத்திருக்கார். ஊட்டைக் காலி பண்றப்ப ட்ரங்குப் பெட்டியில ஒரு தகர டப்பி. கோயமுத்தூர்ல கொடுத்து டிவில பாக்கற மாதிரி மாத்தி வாங்கியிருக்குது. ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுக்கு வந்துரு. செல்லதுரையும் வர்றான்."

"டீச்சர், பதினொண்ணாம் வளைவு இருக்குதுங்களா அதுல?"

"தெரியல பாலு. நானும் இன்னும் பாக்கல," என்றார்.

நான்கு நாள் இருந்தது. கட்டம் போட்ட தாளில் வரிசைக்குப் பதிமூன்று கட்டமாக எட்டு வரிசை வரைந்தேன். பென்சில் இரண்டு சீவிவைத்தேன். விஜயா எட்டிப் பார்த்து, "கோர்ட்டுக்கா போறீங்க?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். ஒருவேளை நான்தான் தப்பு என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மூன்றாவதாக ஒரு பென்சிலையும் எடுத்துச் சீவினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெர்ன்ஹில்லிலிருந்து காரில் வந்திருந்த செல்லதுரை அண்ணன் வாசலிலேயே இரண்டு கைகளையும் விரித்தார்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் விரலை மடக்காம இருங்க. பாத்துட்டு மடக்குங்க," என்றேன்.

"தாள் பென்சிலோட வந்திருக்கான் பாரு ஜெஸி. ஆடிட்டரு."

ஆன்சிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குன்னூரிலேயே ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். டிவியோடு லேப்டாப்பை இணைத்துவிட்டு, "ஒண்ணு சொல்லிடறேங்க. இதுல சத்தம் கிடையாது. அப்போ அந்தக் கேமராவுல படம் மட்டும்தான் வருமாம்," என்றாள்.

"சத்தம் இல்லியா?" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டோம். நாங்கள் மூவரும் ஒன்றாக ஆரம்பித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

படம் ஓடியது. முதலில் முட்டைக்கோஸ். பிறகு ஏலம் விடுகிறவர். பிறகு ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஒரு அம்மாள். பாதிப் படத்துக்கும் மேல் காய்கறிதான். அண்ணன் பொறுமையிழந்து நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று மேடை வந்தது.

கேமரா மேடையின் ஓரத்தில், எனக்குப் பின்னால் இருந்தது. முன்னால் என் முதுகும் இரண்டு கைகளும். இடது பக்கம் ஆர்கனில் டீச்சர், இரட்டைச் சடை போட்டு, இருபது வயது. அதைத் தாண்டி முழங்காலுக்குக் கீழே அகன்ற பேண்டில் செல்லதுரை அண்ணன், கண்ணை மூடிக்கொண்டு. அதற்கும் அப்பால் முன் வரிசை. மேற்கு ஜன்னல் வெயில் எல்லோர் மேலும் விழுந்திருந்தது. என் டிரம் வரிசையில் பள்ளிக்கூட அணிவகுப்பு முரசு ஒன்று, ஒரே ஒரு சிம்பல் தட்டு, வலது பக்கம் ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டி ஒன்று.

"ஐயோ, இவ்வளவு ஒல்லியாவா இருந்தோம்!" என்றார் டீச்சர்.

"என் முடியைப் பாரு ஜெஸி. முடியைப் பாரு," என்றார் அண்ணன். அவருக்கு இப்போது அது இல்லை.

நான் கைகளை மட்டும் பார்த்தேன். படத்தில் நான் பறந்துகொண்டிருந்தேன். அத்தனை வேகத்தில் எவனாலும் பதிமூன்றை ஒழுங்காக எண்ண முடியாது.

"பாத்தியா? பாத்தியா?" செல்லதுரை அண்ணன் எழுந்தேவிட்டார். "எப்பிடி ஓடறான் பாரு! பஸ்ஸு ஏறுதுன்னு சொன்னா இவன் பிரேக் இல்லாம இறங்கறான்! இதுல ஒண்ணு இல்ல, மூணு முழுங்கியிருப்பான்."

நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனேன். அப்போதுதான் முன் வரிசையில் டீ கொண்டுபோகிறவர் கண்ணில் பட்டார். அவரும் ஓடினார். டம்ளர் தளும்பாமல் ஓடினார். ஒரு பாட்டியம்மா கொசு விரட்டுவது போல விசிறிக்கொண்டிருந்தார். அந்தக் கையும் பறந்தது.

"ஆன்சி, கொஞ்சம் நிறுத்தும்மா," என்றேன். "அந்தக் காலத்துக் கேமரா செகண்டுக்கு எத்தனை படம் எடுக்கும்?"

அவள் தேடிப் பார்த்தாள். "பதினெட்டுன்னு போட்டிருக்குங்க."

"இப்போ ஓடறது?"

"இருபத்தஞ்சு." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஸ்டுடியோக்காரங்க வேகத்தைக் குறைக்காமயே மாத்திட்டாங்க போல!"

"அப்போ சேவல் அம்மாளும் ஓடல," என்றார் டீச்சர்.

"முக்கால் வேகத்துல வெக்கலாங்க. கிட்டத்தட்ட சரியா வரும்," என்றாள் ஆன்சி.

மறுபடி ஓடவிட்டாள். டீ கொண்டுபோனவர் நடந்தார். பாட்டியம்மா ஆற அமர விசிறினார். என் கைகள், நான் வருஷக்கணக்காக நினைத்து வைத்திருந்த அதே நிதானத்தில், ரோலர் சுற்றுவது போலச் சுற்றின. நான் மடித்த தாளைப் பிரித்தேன்.

"அண்ணே, நானும் எண்ண மாட்டேன், டீச்சரும் எண்ண வேண்டாம். நீங்களே எண்ணுங்க. ஒவ்வொரு சுத்துலயும் முதல் அடி தேயிலைப் பெட்டி மேலதான் விழும். வலது கை அந்தப் பக்கம் நீளும், பாருங்க. அங்கிருந்து எண்ணுங்க. அடுத்த தடவை கை பெட்டிக்கு வர்றப்போ பதிமூணு முடிஞ்சிருக்கணும்."

"எண்ணறேன். விட்டுக்கொடுக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

"விட்டுக்கொடுக்காதீங்க."

திரையில் டீச்சர் தலையாட்டிப் பத்தாம் வளைவை முடித்தார், என் கை பெட்டியில் விழுந்தது. அண்ணன் சத்தமாக எண்ணத் தொடங்கினார். முதல் சுற்றில் அவர் குரலில் ஒரு வாத்தியாரின் கண்டிப்பு இருந்தது. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. கை பெட்டிக்கு வந்தது. நான் ஒரு வரிசைக்குக் கோடு போட்டேன். இரண்டாம் சுற்றிலும் சரியாக வந்தது. மூன்றாம் சுற்றில் டீச்சரும் சேர்ந்துகொண்டார், சொன்னதைக் கேட்காமல். நான்காவதில் ஆன்சி. ஐந்தாவதில் அண்ணன் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கிடார் பகுதியையே வாயால் வாசிக்கத் தொடங்கிவிட்டார். டீச்சரின் விரல்கள் டீபாய் மேல் ஓடின. நான் பென்சிலால் டீபாய் ஓரத்தில் தட்டினேன். சத்தமே இல்லாத படத்துக்கு நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணனின் வாய்க் கிடாரும் திரையில் அவர் விரல்களும் மயிரிழைகூடப் பிசகவில்லை. ஆறாம் சுற்று முடிந்தது, பதிமூன்று.

"இதுவரைக்கும் ஒண்ணும் விடலைதான்," என்றார் அண்ணன், டிவியைப் பார்த்துக்கொண்டே. "இன்னும் ரெண்டு சுத்து இருக்குதுல்ல. இப்போ பாரு."

அப்போதுதான் அது நடந்தது. முன் வரிசையில் ஐயர் எழுந்தார்.

அவர் நிமிர்ந்து நின்ற அந்தக் கணத்தில் டீச்சர், இரட்டைச் சடை போட்ட டீச்சர், கைகளை விரித்து, பல கட்டைகளைச் சேர்த்து இரண்டு முறை நீளமாக அழுத்தினார். தலையை அழகாக, ஆழமாக, ஒருமுறை ஆட்டினார். என் கைகள் உடனே வேறு தாளத்துக்குப் போயின. அண்ணன் மட்டும் கண்ணை மூடியபடி ஆடிக்கொண்டிருந்தார்.

"நிறுத்து, நிறுத்து!" ஜெஸிந்தா டீச்சர் கத்தினார். "திரும்பப் போடு, ஆன்சி."

மூன்று முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை டீபாய் மேல் அவர் கைகளும் படத்தோடு சேர்ந்து அதேபோல இரண்டு முறை அழுத்தின. பிறகு கைகளைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"கர்த்தாவே," என்றார். "இது ஆமென்."

"என்னது?" என்றார் அண்ணன்.

"ஆமென் வாசிச்சிருக்கேன்டா! ஐயர் எழுந்திரிச்சா ஆசீர்வாதம். ஆசீர்வாதம்னா ஆமென். பாடகர் குழுவுக்குத் தலையாட்டணும். பன்னெண்டு வயசுலேர்ந்து வாரா வாரம் அதான் வேலை. ஐயர் எழுந்திரிச்சாரு, கை தானாப் போயிருச்சு. எனக்கே தெரியாம நான் ஆராதனையை முடிச்சு வெச்சுட்டேன்!"

"ராக் பாட்டுக்கு நடுவுல ஆமெனா?"

"நடுவுலயா? பதினொண்ணாம் வளைவுல!" சிரிப்பு அவருக்கு வயிற்றிலிருந்து வந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "பாலு, நீ சொன்னது நிஜம். தலையாட்டியிருக்கேன். உன்னை நான் முப்பத்தொம்பது வருஷம்…"

"விடுங்க டீச்சர். உங்களுக்கே தெரியாதப்போ நீங்க என்ன பண்ணுவீங்க," என்றேன். ஆறு வரிசைக் கோடுகளையும் பார்த்தேன். எழுபத்தெட்டுக் கட்டங்கள், ஒன்றுகூடக் காலி இல்லை.

ஆன்சி, "இன்னும் கொஞ்சம் இருக்குங்க," என்று மீதியை ஓடவிட்டாள். திரையில் மூவரும் நின்றுவிட்டோம். ஐயர் கையை வீசினார். எங்களைத் துரத்திய அதே வீச்சு. ஆனால் படத்தில் அவர் முகம் தெரிந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு. வலது கையை முன்னால் நீட்டி உள்ளங்கையால் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். இடது கை பக்கத்து நாற்காலியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. வளைவில் நின்றுபோன பஸ்ஸின் பின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, ரைட், ரைட், போலாம் என்று கண்டக்டர் தட்டுவது போல.

நாங்கள் சாமான்களைத் தூக்குவதைப் பார்த்து அவர் கை மெல்லக் கீழே இறங்கியது. அதோடு சுருள் தீர்ந்துவிட்டது.

"போகச் சொல்லல," என்றேன்.

"போகத்தான் சொல்லியிருக்காரு," என்றார் டீச்சர். "மேல போகச் சொல்லியிருக்காரு."

ஆன்சி சொன்னாள்: "உங்க ஐயர், எங்க அப்பிச்சி, மேட்டுப்பாளையம் பஸ்ல வர்றப்போ எல்லாம் முன் சீட்டுக் கம்பியில தட்டிக்கிட்டே வருவாருங்க. கோணல்மாணலா ஒரு தாளம். அம்மா திட்டுவாங்க. அது என்னான்னு எங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியல."

செல்லதுரை அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கிடார் உறையோடு உள்ளே வந்தார்.

"எதுக்கு எடுத்துட்டு வந்தீங்கண்ணே?" என்றேன்.

"சும்மா கிடந்தது வண்டியில." உறையைப் பிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கண்ணை மூடிட்டு வாசிச்சது என் தப்பு. அதையும் எழுதிக்க உன் தாள்ல."

எழுதிக்கொண்டேன்.

டீச்சர் அறை மூலையில் இருந்த கீபோர்டின் உறையை எடுத்தார். எனக்கு டிரம் இல்லை. டீச்சரின் சமையலறையிலிருந்து இரண்டு மரக்கரண்டிகள், ஒரு பிஸ்கட் டின், கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பக்கெட். தேயிலைப் பெட்டிக்குப் பதில் பழைய டெலிபோன் டைரக்டரி. ஆன்சி எதிரே சோபாவில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, நீ ஐயர் பேத்தி," என்றார் அண்ணன். "வாசிச்சு முடிக்கற வரைக்கும் தயவுசெஞ்சு எழுந்திரிக்காதே. இவளை நம்ப முடியாது."

"வீடு தீப்பிடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டேங்க."

முதல் வளைவு தடுமாற்றமாகத்தான் போனது. இரண்டில் அண்ணனுக்கு விரல் மறந்துவிட்டது, டீச்சர் ஞாபகப்படுத்தினார். ஐந்தாம் வளைவுக்கு மேல் உடம்பு தானாக எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு லிங்கசாமி மதில்மேல் தலையை நீட்டிப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். பத்தாம் வளைவை முடித்து டீச்சர் தலையை ஆட்டினார், நான் பார்த்தேன், மூன்று பேரும் ஒன்றாகப் பதினொன்றில் நுழைந்தோம். இந்த முறை செல்லதுரை அண்ணன் கண்ணை மூடவில்லை. இமைக்கக்கூட இல்லை. இரண்டு கண்களையும் உருட்டி என் கரண்டிகளையே பார்த்துக்கொண்டு வாசித்தார். அறுபத்துமூன்று வயது மனிதர் அப்படிப் பார்த்தால் எப்படி எண்ணுவது? இரண்டாம் சுற்றில் சிரிப்பு தொண்டைக்கு வந்தது. மூன்றாம் சுற்றில் அடக்க முடியவில்லை.

நான் கரண்டியை உயர்த்தினேன். "நிறுத்துங்க, நிறுத்துங்க. இப்போ விட்டது நான்தானுங்க."

"எத்தனை?" என்றார் அண்ணன்.

"ரெண்டு."

"சரி," என்று கிடாரை மடியில் சரிசெய்துகொண்டார். "வண்டியைக் கொஞ்சம் பின்னால எடு. பத்துலேர்ந்து ஏறுவோம்."